மார்கழியில் கேட்ட நட்டபாடை

சென்னையின் மார்கழி இசைவிழா ஒரே மேடையில் நடப்பதன்று. மைலாப்பூர், தியாகராய நகர், இராயப்பேட்டை எனப் பல வட்டாரங்களில் உள்ள சபாக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியே கச்சேரிகளை நடத்துகின்றன. (சபா என்றதும் கினபாலு மலையைத் தேட வேண்டாம். அங்கே சபா என்பது இசை மன்றம்.) 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதனையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மாநாட்டை ஒட்டிக் கூடிய ஆண்டிறுதிக் கூட்டம் பின்னர் ஒரு பருவமாகவே நிலைத்துவிட்டது.

கடந்த டிசம்பரில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பெரியம்மாவோடு எட்டு நாள் அங்குச் சென்று வந்தேன். பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை, இளையோர் பாடுவார்கள். மாலையில் புகழ்பெற்றவர்களைக் கேட்க நுழைவுச்சீட்டு வேண்டும். எங்கள் பை பகலுக்குத்தான் பொருந்தியது. சபா உணவகத்திற்காகவே வருவோரும் உண்டு என்றார்கள். அங்கே ஒருநாள் உண்ட பிறகு எனக்கு அதில் ஐயமில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஓர் இளம் பாடகர் முதல் பாடலைத் தொடங்கினார். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் மெட்டு ஏற்கெனவே தெரிந்தது போலிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் என்ன இராகம் என்று மெல்லக் கேட்டேன்.

"கம்பீர நாட்டை. தம்பி எந்த ஊர்?"

"மலேசியா ஐயா. கிள்ளான் பக்கம், பண்டமாரான்."

"இதை எங்கே கேட்டீங்க?"

"கோயில் தேவார வகுப்பில், ஐயா."

அவர் சிரித்தார். "அது நட்டபாடை. இப்போ ஓதுவார்கள் அதைக் கம்பீர நாட்டையில்தான் பாடுறாங்க."

நட்டபாடை! தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் திருமுறை ஓதும் போட்டிக்காக நான் மனனம் செய்த சம்பந்தரின் முதல் பதிகத்திற்கு மேலே அச்சிட்டிருந்த சொல் அது. தலத்தின் பெயரும் அருகில் இருந்ததால் நட்டபாடையும் சீர்காழிக்குப் பக்கத்து ஊர் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

பழந்தமிழர் பண் என்றது இன்றைய இராகத்தைப் போன்றது. தேவாரப் பதிகங்கள் பண் வகுத்தே வழங்கி வருகின்றன. பழம்பஞ்சுரத்தை இன்று சங்கராபரணத்திலும், தக்கேசியைக் காம்போதியிலும் பாடுகிறார்கள். கம்பீர நாட்டையில் ச, க, ம, ப, நி என ஐந்தே சுரங்கள். ரியும் தவும் வாரா. இடையில் தாவித் தாவிச் செல்வதால்தான் அந்த மிடுக்கு வருகிறது.

அப்படியானால் அந்த மேடையில் தமிழ் ஏன் இறுதியில், துக்கடாக்களாக மட்டும் வந்தது? இந்தக் கேள்வி பழையது. தமிழ்ப் பாடல்களுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என்று 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூடியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். கல்கி எழுத்தால் துணைநின்றார். மொழிக்காக இசையின் தரம் தாழக்கூடாது என்று மியூசிக் அகாடமித் தரப்பு வாதிட்டது. தரம் பற்றிய கவலை தவறன்று. தமிழில் பாடினால் தரம் தாழும் என்று எண்ணியதே தவறு என்பது என் கருத்து. தியாகராசர் உள்ளிட்ட மும்மூர்த்திகளுக்கு முன்னரே முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றிவிட்டனர். மாநாட்டைத் தொடர்ந்து 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அச்சங்கமும் ஆண்டுதோறும் டிசம்பரில் இசைவிழா நடத்துகிறது. பண் ஆராய்ச்சியும் செய்து வருகிறது. இன்று மற்ற மேடைகளிலும் முன்பைவிடத் தமிழ் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் பேருந்து ஏறினேன். உயர்நீதிமன்றத்தின் அருகே உள்ள இராஜா அண்ணாமலை மன்றம்தான் அச்சங்கத்தின் இல்லம். உள்ளே ஒருவர் தமிழிலேயே தொடங்கித் தமிழிலேயே தொடர்ந்தார். அதுவரை கச்சேரிகளில் உறங்கிக்கொண்டிருந்த பெரியம்மா அன்று உறங்கவில்லை.

நான் தேவார வகுப்பை விட்டது இரண்டாம் படிவத்தில். இடைநிலைப்பள்ளி நண்பர்கள் அதைக் கிழவிப் பாட்டு என்று கேலி செய்தார்கள். இது உண்மையான இசை இல்லை என்று ஆசிரியையிடமே சொல்லிவிட்டுத்தான் நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அவரைப் பார்க்கப் போனேன். வகுப்பில் இப்போது ஐந்து பிள்ளைகள். சென்னையில் கேட்டதை எல்லாம் கொட்டினேன்: பண், இராகம், ஐந்து சுரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அந்தப் பதிகத்தைப் பாடு, இவங்க கேட்கட்டும்" என்றார். மூன்றாம் பாடலில் நின்றுவிட்டேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள்.