மலையேறினால் காருக்கும் மூச்சு வாங்கும்!

மாணவர்களே, அடுத்த முறை தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும்போது, பிரிக்காத சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மலை ஏற ஏற அது உப்பிக்கொண்டே வரும். உள்ளே காற்று கூடவில்லை. வெளியே காற்றழுத்தம் குறைகிறது. சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு.

இது கார் எஞ்சினையும் பாதிக்கிறது. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். 2 லிட்டர் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அதிகபட்சம் 2 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 3,000 லிட்டர் காற்று. தேயிலைத் தோட்டச் சாலையிலும் அதே 3,000 லிட்டர்தான். ஆனால் அதிலுள்ள ஆக்சிஜன், அடிவாரக் காற்றில் ஏறக்குறைய 2,600 லிட்டரில் இருக்கும் அளவே. எஞ்சினின் திறனும் அதற்கேற்பக் குறைகிறது.

இதற்கு மருந்து டர்போ. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். மெல்லிய மலைக்காற்றால் வரும் இழப்பை இப்படிப் பெருமளவு ஈடுகட்டலாம். இந்த உத்திக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்றார்.

சுவீடனின் வோல்வோ நிறுவனம் டர்போவை முதலில் பொருத்தியது பந்தயக் காரில் அல்ல, லோரியில்! 1954-இல் வந்த ‘டைட்டன் டர்போ’ லோரியின் திறன் 150-இலிருந்து 185 குதிரைத்திறனாக உயர்ந்தது. எஞ்சினின் கொள்ளளவு கூடவில்லை.

வோல்வோ கார்கள் நம் நாட்டுக்கும் பழக்கமானவை. 1967 முதல் ஷா ஆலாமில் பொருத்தப்படுகின்றன. அந்நிறுவனத்தின் வேகக் கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது 240 டர்போ. பார்க்கப் பெட்டி போல இருக்கும். ஆனால் 1985-இல் ஐரோப்பியச் சுற்றுலாக் கார் பந்தய வாகையர் பட்டத்தை வென்று, ‘பறக்கும் செங்கல்’ என்று பெயர் வாங்கியது.

அடுத்து, 850 டி-5ஆர். 2.3 லிட்டர் எஞ்சினிலேயே 240 குதிரைத்திறன்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தப்படும் காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து மெலியும். அதனால்தான் எஞ்சினுக்குள் போகுமுன் அதை ‘இன்டர்கூலர்’ குளிர்விக்கிறது.

மலையேற டர்போ உதவும். இறங்கும்போது? 1,500 கிலோ கார் ஒன்று 1,400 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். நிலையாற்றல் = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 1,500 × 10 × 1,400 = 2 கோடியே 10 லட்சம் ஜூல். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் இது! பிரேக்கை மட்டுமே நம்பினால் இதில் பெரும்பகுதி வெப்பமாகிப் பிரேக்கிலேயே சேரும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிக்காது. ஆகவேதான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் குறைந்த கியரில் இறங்கி, எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை.

இப்போது உங்கள் முறை: தேயிலை ஏற்றிய 10 டன் லோரிக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த ஓட்டுநர் ஏன் மெதுவாக இறங்குகிறார் என்பது புரியும்.