வானிலிருந்து திருப்பதி: ஏரியா, மனையா?

சித்தூர், திருப்பதிப் பக்கத்து உறவினர்கள் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. அங்கே ஒரு மனை வாங்கிப் போட நினைப்பவர்கள், நில வரைபடம் என் தொழில் என்பதால், என்னிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள். இக்கேள்விக்குச் செயற்கைக்கோள் படம் எவ்வளவு தூரம் விடை சொல்லும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972இலும், நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சிலும் ஏவப்பட்டன. லேண்ட்சாட்டின் பழைய படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம்.

இச்செயற்கைக்கோள்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் அளக்கின்றன. பச்சை இலை அக்கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை விழுங்கிவிடும். அக்கதிருக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் படம் அமைத்தால் மாந்தோப்பும் நெல்வயலும் சிவப்பாகவும், நிறைந்த ஏரி கறுப்பாகவும், வீடுகள் நெருங்கிய பகுதி நீலச் சாம்பலாகவும் தெரியும். முதன்முறை பார்ப்பவர் ஊரே தீப்பிடித்ததோ என்று மிரள்வார்!

திருப்பதியின் 1990ஐ ஒட்டிய படத்தையும் அண்மைக்காலப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வடக்கே சேஷாசலம் மலை சுவர்போல் நிற்பதால் நகரம் அப்பக்கம் போக வழியில்லை. கிழக்கே ரேணிகுண்டா, தெற்கே திருச்சானூர், மேற்கே சந்திரகிரி என்று சாம்பல் நிறம் பரவியிருக்கிறது. சிவப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

ஆனால் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இப்பகுதி ஏரிகள் மழையை நம்பியவை. கோடையில் பல வறண்டுவிடும். மே மாதப் படத்தில் வறண்ட ஏரியும், வேர்க்கடலை பிடுங்கிய காடும், மனை பிரித்த தரையும் ஏறக்குறைய ஒரே நிறம். அதைப் பார்த்து 'வெற்று நிலம்' என்று எழுதிவிட்டால் ஏரி காகிதத்திலேயே காணாமற்போய்விடும். எனவே மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரிப் படங்களைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஒப்பிடுவதே முறை.

2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது, சுவர்ணமுகி பெருக்கெடுத்தது, இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களை அப்புறப்படுத்தினார்கள். அதுபோன்ற ஆண்டின் படத்தில்தான் நீர் தன் பழைய இடத்தைக் காட்டும். மேகம் மறைத்தால் ரேடார் செயற்கைக்கோள் படம் உதவும். (இந்தியச் செயற்கைக்கோள்கள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டாவே 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது!)

லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். ஆகவே சுற்றுவட்டாரம் ஏரியாக இருந்ததா என்று சொல்லலாம். உங்கள் 5 சென்ட் மனையைத் தனியே காட்ட இயலாது. அதற்குக் கிராம வரைபடம்தான் வேண்டும். முன்பணம் அனுப்புமுன், அந்தப் புல எண் ஏரிப் புறம்போக்கிலோ கால்வாயிலோ விழுகிறதா என்று ஊரிலுள்ள மாமாவையோ சித்தப்பாவையோ வருவாய்த்துறை அலுவலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.