மருத்துவக் கல்வியில் சட்ட மருத்துவம்

நம் நாட்டின் சிறு நகர அரசு மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்வோரும் காயச் சான்றிதழ் எழுதுவோரும் பெரும்பாலும் சட்ட மருத்துவ வல்லுநர்கள் அல்லர், எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற பணி மருத்துவர்களே. ஆதலால் கல்லூரியில் கற்பிக்கப்படுவதே பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகிறது. தவறாகக் கற்பிக்கப்பட்டதும் அவ்வாறே.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்யப்பட்டு வந்த 'இரு விரல் சோதனை' இதற்குச் சான்று. அவர் பாலுறவுப் பழக்கம் உடையவரா என்பதை அது காட்டும் என்ற கருத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் அமைந்த நீதிபதி வர்மா குழு, 2013இல் அதனைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும் அதனைக் கண்டித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறைகள் அதனை விலக்கின. எனினும் வழக்கம் ஒழியவில்லை. சுற்றறிக்கையைவிடப் பாடநூலுக்கு ஆயுள் அதிகம் போலும்! ஜார்க்கண்ட் வழக்கொன்றில் 2022 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இச்சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்றதோடு, மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்யவும் பணித்தது.

1997 விதிமுறைகளின்படி இரண்டாம் கட்டத்தில் இருந்த இப்பாடம், 2019 விதிமுறைகளில் மூன்றாம் கட்டத்திற்கு மாற்றப்பட்டது. எக்கட்டத்தில் கற்பிப்பது என்பதினும் எதைக் கற்பிப்பது என்பதே முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண்ணின் பரிசோதனை அறிக்கையை மருத்துவர் 7 நாள்களுக்குள் புலனாய்வு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அந்த அவகாசத்திற்குள் வல்லுநரைத் தேடிச் செல்வது எல்லா ஊர்களிலும் இயலாது.