காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்: பெரியவர்களுக்கு டெங்கு வந்தால்

கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை. ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், "ஒண்ணுமில்லப்பா, லேசா காயுது" என்று ஃபோனில் சொல்லிவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது டெங்குவாக இருந்தால், லேசாக விடக் கூடாது.

1. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள் வரும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, பிரஷர் சரியும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று எல்லோரும் நிம்மதியாகும் அந்த 48 மணி நேரம் பெரியவரைத் தனியாக விடாதீர்கள். கம்பெனியில் இரண்டு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால், காய்ச்சல் விடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வயதானவர்களுக்கு உடம்பு அனலாகக் கொதிக்காமலும் டெங்கு வரலாம். சோறு வேண்டாம் என்பது, எழுந்தால் தள்ளாடுவது, கீழே விழுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது இவையும் அறிகுறிகளாக இருக்கலாம். வயசாயிடுச்சு என்று ஒதுக்காதீர்கள்.

3. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு டெங்கு முற்றும் வாய்ப்பு அதிகம். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கும் அப்படியே. வைரஸில் 4 வகை உண்டு. வேறொரு வகை இரண்டாம் முறை தொற்றும்போது கடுமையாகலாம். டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

4. மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் அதில் இருக்கட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. எது தொடரும், எது நிற்கும் என்பதை அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

5. வழக்கமாக பிரஷர் 160 இருப்பவருக்கு 110 என்று காட்டினால் அது நார்மல் இல்லை, இறக்கம். பழைய அளவு எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

6. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். மூட்டு வலிக்கென்று வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வேண்டவே வேண்டாம். "ஒரு ஊசி போடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். டெங்குவில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்த நேரத்தில் இடுப்பில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கலாம்.

7. ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, மோர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர்கூட ஆகாமல் போகலாம். நிலவேம்புக் கஷாயம் குடித்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

8. டெங்குவா என்று அறிய, காய்ச்சலின் முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். தட்டணுவை மட்டும் பார்க்காமல், ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹீமட்டோக்ரிட்டையும் தினமும் கேட்டுப் பாருங்கள்.

9. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சு வாங்குதல், கைகால் ஜில்லிடுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் விடியும்வரை பார்க்காதீர்கள். 108-ஐ அழைத்து ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள்.

10. தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை நாரால் அழுத்தித் தேயுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருப்பது அங்கேதான். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. மதியம் திண்ணையில் படுக்கும் பெரியவருக்கு அந்த நேரத்திலும் கொசுவலை கட்டுங்கள்.