இயந்திரம் எழுதித் தரும் பாடம்

கடைக்குப் புதிதாக ஒரு சிப்பந்தி வந்தால் அவருக்குத் தொழில் பழக்குவது மூத்த சிப்பந்தியின் பொறுப்பாக இருந்தது. கிளைகள் பெருகி, ஆட்களும் அடிக்கடி மாறும் இக்காலத்தில், பயிற்சிப் பாடங்களை எழுதி வைத்துக் கொடுப்பது அவசியமாகிவிட்டது. அதற்கு 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நம்மில் பலர் நாடுகிறோம். "கல்லாவில் நிற்பவருக்கு ஒரு பாடம் வேண்டும்" என்று கேட்டால், ஒரு நிமிடத்தில் பாடமும் வருகிறது. பரீட்சைக் கேள்விகளும் வருகின்றன. செலவும் சொற்பம். இதனை ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இதிலுள்ள அபாயங்களை அறிந்து கையாள வேண்டும் என்பதே நமது கருத்து.

கருவி எவ்வாறு எழுதுகிறது?

கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வார். இக்கருவியின் முறை வேறு. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கோத்துத் தருகிறது. ஆகவே மெய்யும் பொய்யும் ஒரே சரளமான நடையில் வரும். நியூயார்க் நகரில் வழக்கறிஞர்கள் சிலர் இக்கருவி தந்த முன்தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் சமர்ப்பித்தனர். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது என்று பின்னர் தெரிந்தது. 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவை மெய்யானவைதாமா என்று முன்னமே கருவியிடமே கேட்டிருக்கிறார்கள். ஆம் என்றே அது பதில் சொல்லியிருக்கிறது.

பாடத்தில் பிழை வந்தால்

வியாபாரக் கடிதத்தில் பிழை இருந்தால், விஷயம் அறிந்தவர் படித்தவுடன் கண்டுகொள்வார். பாடம் படிப்பவரோ அறியாத காரணத்தால்தான் படிக்கிறார். எழுதியிருப்பதை அப்படியே நம்பி, நாள்தோறும் வாடிக்கையாளரிடம் செய்து காட்டுவார். நாளை அவரே இன்னொருவருக்கும் அதைக் கற்றுக் கொடுப்பார்.

வரியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2022 வரை 7 சதவிகிதமாக இருந்தது. 2023-இல் 8 ஆகி, 2024 ஜனவரி முதல் நாள் 9 ஆயிற்று. மலேசியாவில் சேவை வரி 2024 மார்ச் முதல் நாள் 6-லிருந்து 8 ஆக உயர்ந்தபோது, உணவுக்கும் பானத்துக்கும் 6 என்றே விடப்பட்டது. கருவி படித்த எழுத்துகளில் பழைய கணக்கும் உண்டு, புதிய கணக்கும் உண்டு. உணவுக்கடைச் சிப்பந்திக்கான பாடத்தில் 8 என்று அது எழுதிவிட்டால், ஒவ்வொரு பில்லும் தவறாகும். சில கருவிகள் இணையத்தில் தேடியும் பதில் தருகின்றன. தேடிக் கிடைத்த பக்கம் பழையதானால் பதிலும் பழையதே.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் தவறான செய்திகள் ஏராளமாக உலவுகின்றன. படிப்பதில் 10 சதவிகிதம், கேட்பதில் 20 சதவிகிதம், செய்வதில் 90 சதவிகிதம் மனத்தில் நிற்கும் என்று ஒரு கணக்கை அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் பெயரில் சொல்வார்கள். 1946-இல் அவர் வெளியிட்ட கூம்பு வடிவப் படத்தில் அத்தகைய எண்களே இல்லை. பலர் எழுதியதையே கற்ற கருவி இதையும் திருப்பிச் சொல்லக்கூடும்.

கருவி அறியாதது

நல்ல பாடம், படிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மீதிச் சில்லறையில் தவறுகிறாரா, கடன் கேட்பவரிடம் பேசத் தெரியாமல் விழிக்கிறாரா என்பதை அருகில் நிற்பவரே அறிவார். நாம் சொல்லாவிட்டால் கருவி எந்தக் கடைக்கும் பொருந்தும் பொதுப் பாடத்தையே தரும்.

அதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் ஆபத்து. சிப்பந்தியின் கடப்பிதழ் எண், சம்பளம், வாடிக்கையாளரின் பற்று வரவு ஆகியவற்றைக் கருவியில் இட்டால், அவை நம் கையை விட்டு அந்நிய நிறுவனத்தின் கைக்குப் போகின்றன. பிறர் விவரங்களைக் காப்பதற்கு மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன.

பொறுப்பு யாருடையது?

ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் கருவி, ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்காமல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நம் பெயரில் வெளிவரும் பாடத்துக்கும் நாமே ஜவாப்தாரி.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. பாடத்தின் நோக்கத்தையும், சிப்பந்திகள் செய்யும் பிழைகளையும் முதலில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

2. வரி, சட்டம், சுகாதாரம், ஹலால் பற்றிய ஒவ்வொரு வரியையும் உரிய அதிகாரிகளின் வெளியீட்டோடு ஒப்பிட வேண்டும்.

3. பெயர், எண், கணக்கு எதையும் கருவியில் இடலாகாது.

4. மூத்த சிப்பந்தி ஒருவர் படித்துத் திருத்திய பின்னரே பாடத்தைப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். சரிபார்த்த தேதியும் அதில் இருக்கட்டும்.

சரக்கு வந்து இறங்கியதும் நிறுத்துப் பார்க்காமல் எவரும் ரசீதில் கையெழுத்திடுவதில்லை. இயந்திரம் தரும் பாடத்தையும் அவ்வாறே நிறுத்துப் பார்த்து வாங்குவோமாக.