புளிக்கும் முன் ஒரு வெல்லம்

மரத்தில் சிறு காயம் செய்து, அதிலிருந்து வடியும் நீரைச் சேர்த்துப் பிழைக்கும் தொழில் உலகின் பல பகுதிகளில் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலம் முடியும் வேளையில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்கின்றனர். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில் மட்டுமே அம்மரம் சாறு தரும். அச்சாற்றில் உள்ள சர்க்கரை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆகவே, ஒரு லிட்டர் மேப்பிள் பாகு காய்ச்சுவதற்கு 40 லிட்டர் சாறு தேவைப்படுகிறது.

மலேசியாவில் குளிர்காலமும் இல்லை. மேப்பிள் காடும் இல்லை. ஆனால், வீட்டுக் கொல்லையில் தென்னை இருக்கிறது. தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் 12 முதல் 18 விழுக்காடு வரை சர்க்கரை உண்டு. ஏறக்குறைய 7 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் பருவத்திற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. செண்டோலில் ஊற்றும் கரும்பழுப்புப் பாகு இந்த வெல்லத்தால் ஆனதுதான். மலாய் மொழியில் இதனைக் குலா மலாக்கா என்பர்.

தாப்பாவும் மரம் சீவும் கையும்

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத் தலைநகர் தாப்பா. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை இங்குதான் தொடங்குகிறது. மேற்கே தெலுக் இந்தானைக் கடந்து சென்றால், தென்னைக்குப் பெயர்பெற்ற பாகான் டத்தோ வரும். தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர்கள் பால் மரம் சீவி வாழ்ந்தனர். பின்னர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; சில துண்டாடப்பட்டன. குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறித் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் குடிபெயர்ந்தன.

பேராக்கிற்கும் ரப்பருக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1877-ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பால் வெட்டுத் தொழில் தோட்ட மக்களுக்குச் சில நுட்பங்களைக் கற்றுத் தந்தது. பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். விடியுமுன் வெட்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரத்தினுள் உள்ள அழுத்தம் குறைந்து பால் சுரப்பும் குறையும். மங்கில் சேரும் பால் உறைவதற்குள் கொட்டகைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மெல்லிய வெட்டு, சரியான நேரம், விரைந்த கை ஆகிய இம்மூன்றும் தென்னைக்கும் அப்படியே பொருந்தும்.

கள்ளா, வெல்லமா?

தென்னையின் சாறு தோட்டத் தமிழர்களுக்குப் புதியதன்று. அவர்கள் அதனைக் கள் என்ற வடிவத்திலேயே மிகுதியாக அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் பல தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இயங்கின. உழைத்த கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையையும் முன்வைத்தனர்.

கள்ளும் வெல்லமும் ஒரே சாற்றிலிருந்து பிறப்பவை. இவ்விரண்டையும் பிரிப்பது சில மணி நேரம் மட்டுமே. பாளையிலிருந்து சொட்டும் சாறு தெளிந்தும் இனித்தும் இருக்கும். காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள நொதியங்கள் அதில் கலந்தவுடன் வேலையைத் தொடங்கிவிடும். மலேசியாவின் வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. அவை சர்க்கரையை முதலில் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கும். அடுத்து அவற்றை மதுவாக மாற்றும். மேலும் விட்டுவிட்டால் அது காடியாகும். புளிக்கத் தொடங்கிய சாற்றைக் காய்ச்சினால் வெல்லம் இறுகாது. பிசுபிசுத்துக் களிபோல் நிற்கும். உடைந்துபோன சர்க்கரை எளிதில் படிகமாவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இதனைத் தடுக்கத் தமிழர்கள் கண்ட வழி சுண்ணாம்பு. சாறு சேரும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தாமதமாகும். அவ்வாறு இறக்கிய புளிக்காத இனிப்பு நீரே பதநீர். தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் பனையேறிகள் இம்முறையில்தான் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகின்றனர். தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையில் 1978-ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பனையில் அவர்கள் செய்வதைத் தென்னையிலும் செய்யலாம்.

சிறிய அளவில் தொடங்கும் முறை

இத்தொழிலைத் தொடங்க ஒன்றிரண்டு மரங்களே போதும். முதலில், ஏற்ற மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட்டைத் தென்னையில் ஏறுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தரையில் நின்றோ சிறிய ஏணியில் நின்றோ பாளையைத் தொடக்கூடிய குட்டை மரமே புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ தாக்கிய மரத்தைத் தவிர்க்க வேண்டும். மின்கம்பிக்கு அருகிலுள்ள மரமும் ஆகாது. மரம் மற்றவருடையதாயின் உரிமையாளரின் இசைவைப் பெறுவது கடமை. மேலும், சாறு புளித்துக் கள்ளாகிவிட்டால் அது சட்டப்படி மதுவாகும். கள் இறக்கவும் விற்கவும் உரிமம் தேவை. எனவே, தொடங்கும் முன்னரே சுங்கத் துறை அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

அடுத்தது பாளையைப் பதப்படுத்துதல். வெடித்து விரியாத, நன்கு முற்றிய பாளையைத் தேர்ந்து, அது விரிந்துவிடாதபடி கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பின்னர், நாள்தோறும் சிறு மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, பாளையைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் பாளை முறிந்துவிடும். சில நாள்களில் அதன் நுனியைச் சீவி, தொடர்ந்து தட்டிவந்தால் சாறு கசியத் தொடங்கும். அதன் பிறகு காலையிலும் மாலையிலும் கூரிய கத்தியால் தாள்போல் மெல்லியதாகச் சீவினால் போதும். நுனி காய்ந்து அடைபடாமல் இருக்கவே இவ்வாறு சீவுகின்றனர். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும்; சீவ மறந்தால் சாறு நின்றுவிடும்.

மூன்றாவது தூய்மை. கலயத்தைக் கொதிநீரால் கழுவிக் காயவைத்து, சுண்ணாம்பு தடவி, பாளை நுனியில் கட்ட வேண்டும். எறும்பு, தேனீ, மழைநீர் ஆகியவை புகாதபடி வாயைத் துணியால் மூட வேண்டும். முந்தைய நாளின் சாறு சிறிது ஒட்டியிருந்தாலும் போதும். புதுச் சாறு முழுவதும் புளித்துவிடும். இறக்கிய பதநீரை நீல லிட்மஸ் தாளால் சோதித்துப் பார்க்கலாம். தாள் சிவப்பாக மாறினால் சாற்றில் அமிலம் தோன்றிவிட்டது என்று பொருள். அது வெல்லத்திற்கு உதவாது.

நான்காவது காய்ச்சுதல். பதநீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். காய்ந்த மட்டையும் சிரட்டையும் நல்ல எரிபொருள். கொதிக்கும்போது நுரை பொங்கி எழும்; சிறிது தேங்காய்த் துருவலைத் தூவினால் அது அடங்கும். நீர் வற்றியபின் நெருப்பைக் குறைத்து விடாமல் கிண்ட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பிடித்துக் கசக்கும். பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது கரையாமல் உருண்டையாகத் திரள வேண்டும். அப்போது பாகின் வெப்பம் ஏறக்குறைய 118 பாகை செல்சியசாக இருக்கும். இது கொதிநீரைவிடக் கொடியது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகப் புண்ணாக்கும். ஆகவே, மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி இதனைச் செய்தல் கூடாது.

பதம் வந்ததும் சட்டியை இறக்கி, பாகு கெட்டியாகும்வரை கிளறி அச்சில் ஊற்ற வேண்டும். தமிழகத்தில் சிரட்டையே அச்சு; அதனால்தான் கருப்பட்டி அரைக்கோள வடிவில் இருக்கிறது. மலேசியாவில் மூங்கில் குழலில் ஊற்றுவர். அதனால் குலா மலாக்கா உருளை வடிவம் பெற்றது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. நன்கு ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் நெடுநாள் இருக்கும்.

வரவும் செலவும்

ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பதநீர் தருவதாகக் கொள்வோம். இரண்டு மரங்களுக்கு 3 லிட்டர். அதைக் காய்ச்சினால் ஏறக்குறைய 400 கிராம் வெல்லம் கிடைக்கும். விடாமல் செய்தால் மாதத்திற்கு 12 கிலோ. இது பெருஞ்செல்வம் அன்று. ஆனால், ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போக விற்பதற்கும் மிஞ்சும்.

செலவையும் மறைக்காமல் கணக்கிட வேண்டும். சீவிய பாளை காய்க்காது. அந்தக் குலையின் தேங்காய்களை இழக்க வேண்டும். விறகு வேண்டும். அடுப்பருகே நெடுநேரம் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தொழிலுக்கு விடுமுறை இல்லை. தீபாவளியன்றும் பாளையைச் சீவ வேண்டும். மழை பெய்தாலும் கலயத்தை இறக்க வேண்டும். உழைப்பு மிகுதியாக இருப்பதால் சந்தையில் சிலர் குலா மலாக்காவில் கரும்புச் சீனியைக் கலந்து விற்கின்றனர். கலப்படமில்லாத வெல்லத்திற்கு நல்ல விலை கிடைப்பதும் இதனால்தான். நேர்மையும் இங்கு ஒரு முதலீடாகிறது.

தென்னையில் ஏறிப் பாளை சீவத் தெரிந்தவர்கள் இன்று குறைந்து வருகின்றனர். பால் மரம் வெட்டிய கைகளும் முதுமை அடைந்துவிட்டன. பாளையை எவ்வளவு வளைக்கலாம், எந்தக் கோணத்தில் கத்தியைப் பிடிக்க வேண்டும், நுரையின் நிறம் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பனவற்றை ஏட்டில் படித்து மட்டும் அறிய முடியாது. அருகில் நின்று பார்த்தும் செய்தும் பழக வேண்டும். தாப்பா போன்ற ஊர்களில் தாத்தா பாட்டியரிடம் இந்த அறிவு இன்னும் எஞ்சியிருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதும், ஒரு குட்டைத் தென்னையில் செய்து பார்ப்பதும் இளையோரால் இயலும் செயல்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சாறு தோட்டத் தொழிலாளியின் கூலியைக் கரைத்தது. அதே சாற்றைப் புளிக்கும் முன் அடுப்பில் ஏற்றினால் அது குடும்பத்திற்கு வருவாயாகும். மரம் இரண்டுக்கும் ஒரே சாற்றைத்தான் தருகிறது. அதனை எதுவாக மாற்றுவது என்பது மனிதனின் கவனத்தையும் காலந்தவறாமையையும் பொறுத்தது.