வால்வுப் பெருக்கியும் முரலொலியும்

வெற்றிடக் குழாயை எம்மவர் வால்வு என்றே வழங்குவர். 1904ஆம் ஆண்டில் பிளெமிங் என்னும் ஆங்கில அறிஞர் இரு மின்வாய்களையுடைய வால்வை ஆக்கினார். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான டி பொறஸ்ற் அதனுள் நெய்யரி என்னும் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். சூடேறிய கதோட்டிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் அனோட்டை நோக்கி விரைகின்றன. இடைநின்ற நெய்யரியில் நிகழும் சிறு அழுத்த மாற்றம் அவ்வோட்டத்தைப் பெரிதும் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. நலிந்த ஒலிக்குறி வலிவு பெறுவது இவ்வாறே.

திரான்சிற்றர் வந்தபின் வால்வு றேடியோக்கள் நம் இல்லங்களை விட்டு நீங்கின. ஆயினும் ஹெட்போன் அணிந்து இசை கேட்போர் சிலர் இன்றும் வால்வுப் பெருக்கியையே விரும்புகின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். அன்னார் யாவரையும் வருத்தும் குறை ஒன்று உண்டு. அதுவே இசையின் அடியில் ஓயாது கேட்கும் முரலொலி. எட்டடி தொலைவிலுள்ள ஒலிபெருக்கியில் மறைந்து கிடக்கும் முரலொலி, செவியோடு ஒட்டிய கருவியில் மறையாது.

ஹெட்போனின் தடங்கலையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ஒரு மில்லிவாற்று வலுவைப் பெற 300 ஓம் கருவிக்கு ஏறத்தாழ 0.55 உவோற்று வேண்டும். 32 ஓம் கருவிக்கோ 0.18 உவோற்றே போதும். ஆதலின் ஒரே அளவு முரலொலி 32 ஓம் கருவியில் மிகுதியாகக் கேட்கும்.

வால்வைத் தெரியும் முறை

முதலாவதாகப் பெருக்கற் காரணியை நோக்குக. 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு அது 100. 12ஏயூ7 வால்வுக்கு ஏறத்தாழ 20. வேண்டியதற்கு மேற்பட்ட பெருக்கம் இசையோடு இரைச்சலையும் பெருக்கிவிடும். இரண்டின் ஊசிகளும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. எனினும் சுற்றை ஆக்கியோர் இடங்கொடுத்தாலன்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடலாகாது.

இரண்டாவதாக ஊசியொழுங்கையும் சூடாக்கும் இழையையும் நோக்குக. 6டிஜே8 வால்வும் ஒன்பது ஊசிகளையுடையது; 12ஏயூ7 இருந்த குழியில் அது பொருந்தியும் விடும். ஆனால் அதன் இழை 6.3 உவோற்றுக்குரியது, 12.6 உவோற்று வழங்கும் குழியில் இட்டால் இழை கெடும். பொருந்துவதெல்லாம் பொருத்தமானதன்று.

மூன்றாவதாக வால்வின் குறைகளை அறிக. இழைக்கும் கதோட்டுக்கும் இடையே மின் கசியுமாயின் முரலொலி எழும். விரலால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ஒலிக்கும் வால்வும் ஆகாது.

முரலொலியின் மூலம்

எம் நாட்டு மின்வழங்கலில் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைகின்றது. இழைக்குச் செல்லும் கம்பியிலிருந்தோ, நிலைமாற்றியின் காந்தப் புலத்திலிருந்தோ, புவித்தொடுப்புக் கம்பிகள் வளையமாக அமைவதிலிருந்தோ எழும் முரலொலி பெரும்பாலும் இவ்வளவிலேயே இருக்கும். முழு அலையையும் சீராக்கும் சுற்றில், ஒப்பமாக்கும் கொள்ளளவி முதுமையால் வலி குன்றினால் 100 முறை அலையும் ஒலி தோன்றும். முன்னையது ஆழ்ந்த குரல். பின்னையது அதனினும் ஒரு தாயி மேலானது.

சோதிக்கும் வழி எளிது. ஒலியளவைத் திருகிக் குறைக்கும்போது முரலொலியும் குறையுமாயின், குறை திருகிக்கு முன்னே உள்ளது. பாடுங் கருவியையும் இணைப்புக் கம்பியையும் பார்க்க. மாறாதிருப்பின் குறை திருகிக்குப் பின்னே உள்ளது. ஒரு செவியில் மட்டும் கேட்குமாயின், மின்னை நிறுத்தி, வால்வுகள் ஆறியபின், இடவலமாக உள்ள ஒரே வகை வால்வுகளை மாற்றி இடுக. முரலொலியும் இடம் மாறினால் வால்வே குற்றவாளி. மாறாவிடின் வால்வைப் பழித்தல் வீண்.

இவ்வொழுங்கை நான் பொருளிழந்தே கற்றேன். என் பெருக்கி இரு செவியிலும் முரன்றபோது, ஒன்றையும் சோதியாது புதிய வால்வுகளை வாங்கினேன். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போயிற்று, முரலொலி போகவில்லை. புவித்தொடுப்புக் கம்பியை அறுத்துவிட்டால் தீரும் என்றார் நண்பர் ஒருவர். செருகியைக் கழற்றித் திருப்புளியும் கையுமாக இருந்த வேளையில், என்னிடம் தமிழ் கற்று மின்தொழில் புரியும் மாணவர் ஒருவர் வந்தார். “சேர், அதில் கை வையாதீர்கள். உள்ளே கம்பி ஒன்று கழன்று பெட்டியிற் பட்டால் உங்களைக் காப்பது அந்த ஒரு கம்பிதான்” என்றார். பின்பு ஒலியளவைத் திருகிக் குறைத்துப் பார்த்தார்; முரலொலியும் குறைந்தது. கணினி ஓர் அறையின் மின்குழியிலும் பெருக்கி மற்றோர் அறையின் மின்குழியிலும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே பலகையில் இணைத்தார். வளையம் சுருங்கிற்று, முரலொலி கேளாத அளவுக்குத் தணிந்தது. செலவு ஒரு சதமுமில்லை.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெருக்கியினுள் இருநூறு, முந்நூறு உவோற்று வழங்குவதுண்டு. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகள் அவ்வேற்றத்தைத் தாங்கி நிற்கும். பயின்றவர் துணையின்றிப் பெட்டியைத் திறவாதீர். மேலே கூறிய சோதனைகளுள் ஒன்றுக்கேனும் பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை. அவற்றை ஒழுங்காகச் செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுக. அதன்பின் கடைக்குச் செல்க.